பானட்டில் பறவை எச்சம்: எந்தத் தடத்துக்கு எந்த வைத்தியம்

கிருஷ்ணகிரிப் பக்கம் சித்திரை, வைகாசியில் வண்டிக்கு நிழல் என்றால் புளியமரம், இல்லாவிட்டால் மாந்தோப்பு. நிழல் இருக்கிற இடத்தில் காகமும் மைனாவும் குடியிருக்கும். எங்கள் டிராவல்ஸ் வண்டிகள் வருடக்கணக்காக ஒரு பெரிய புளியமரத்தடியில்தான் நிற்கின்றன. அதனால் எச்சத் தடம் எடுப்பது எனக்கு ஓயாத வேலை. தெரிந்தவர்கள் போனில் படம் அனுப்பி, "அண்ணா, இது போகுமா, பெயிண்ட்தான் அடிக்கணுமா?" என்று கேட்பார்கள். படத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எச்சம் இன்னும் மேலே இருக்கிறதா, கழுவிய பிறகு மங்கல் மட்டும்தானா, நகத்துக்குத் தட்டுப்படுகிறதா என்று தெரிய வேண்டும். கீழே அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியில் தெரிவது எதுவோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒன்று. காரின் நிறத்துக்கு மேல் நிறமில்லாத பூச்சு ஒன்று இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அதன் கனம் 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ரப்பிங் போடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகும். போனது திரும்ப வராது. ஆகவே எந்தத் தடமானாலும் தண்ணீரில் தொடங்குங்கள். அது பலிக்காதபோது மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். நேராக பாலிஷில் கை வைக்கிறவர்கள்தான் கடைசியில் பெயிண்டிங் ஷெட்டில் நிற்கிறார்கள்.

## எச்சம் இன்னும் ஈரமாக இருக்கிறது

இதுதான் இருப்பதிலேயே சுலபமான நிலை. இதையும் கெடுப்பது அவசரக் கைதான். பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்துவிடுவோம். நம் பக்கத்து ரோடுகளில் கிரானைட் லாரிகள் ஓடுகின்றன, வண்டி மேல் எப்போதும் ஒரு படலம் கல்தூள் இருக்கும். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் கிளியர் கோட்டைவிட மிகக் கடினமானது. உலர்ந்த துணியால் இழுக்கும்போது எச்சம் போகும், ஆனால் அந்தத் தூள் வரி வரியாகக் கீறிவிடும். நிறைய பேர் எச்சம் அரித்த தடம் என்று கொண்டுவந்து காட்டுவது உண்மையில் துணி போட்ட கீறல். கறுப்பு, கருநீல வண்டிகளில் வெயில்படும்போது இது பளிச்சென்று தெரியும்.

செய்ய வேண்டியது: பாட்டில் தண்ணீரை எச்சத்துக்குச் சற்று மேலிருந்து ஊற்றி, அதுவாக வழிந்து போக விடுங்கள். மிச்சத்தின் மேல் நனைந்த டிஷ்யூவை வைத்து, அமுக்காமல் அப்படியே கிள்ளி எடுங்கள். எடுத்த டிஷ்யூவைத் திருப்பிப் போட்டு மறுபடி துடைக்க வேண்டாம், புதிது எடுங்கள். அவ்வளவுதான்.

பானட் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறதா? முதலில் நிழலுக்கு நகர்த்தி ஆறவிடுங்கள். சுடும் தகட்டில் ஊற்றிய தண்ணீர் உடனே காய்ந்து உப்புத் தடத்தை விட்டுவிடும். ஆனால் ஆறட்டும் என்று சாயங்காலம் வரை விட்டுவிடாதீர்கள். தருமபுரி சித்திரை வெயிலில் சில மணி நேரமே தடம் விழப் போதும். ஓசூர்க் குளிர்ச்சியில் கொஞ்சம் அவகாசம் கிடைக்கலாம். அதையும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

டிக்கியில் ஒரு ஸ்பிரே பாட்டில் தண்ணீரும் ஒரு டிஷ்யூ ரோலும் வைத்துக்கொண்டால் கீழே எழுதியிருக்கும் பாதி தலைப்புகளுக்கு நீங்கள் வரவே தேவையிருக்காது.

## எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது

சுரண்டக் கூடாது. நகம், ஏடிஎம் கார்டு, பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் வேண்டாம். புறா எச்சத்தில் சின்னச் சின்னக் கல்துகள் இருக்கும். இரை அரைபடுவதற்காகப் புறா விழுங்கும் கற்கள் அவை. வேம்பு பழுக்கும் ஆனி, ஆடியில் குயிலும் காகமும் போடும் எச்சத்தில் கொட்டையே இருக்கும். அமுக்கித் தேய்த்தால் அவை உப்புத்தாள் வேலை செய்யும்.

டிஷ்யூவை நாலாக மடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு கார் ஷாம்பு விட்டு நனைத்து, எச்சத்தின் மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். காய ஆரம்பித்தால் மேலே தண்ணீர் தெளியுங்கள். பிறகு எடுத்துப் பாருங்கள். இளகியிருந்தால் டிஷ்யூவோடு வந்துவிடும். வராவிட்டால் மறுபடி ஊறவையுங்கள். அணைப் பக்கமும் பாரூர் ஏரிப் பக்கமும் நிறுத்திய வண்டிகளில் கொக்கும் நீர்க்காகமும் போடுவது சுண்ணாம்பு பூசியதுபோல் கெட்டியாக இருக்கும். அதற்கு இரண்டு மூன்று முறை ஊறவைக்க வேண்டியிருக்கும். பொறுமைதான் இங்கே மருந்து.

கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். துணி துவைக்கும் பவுடர், பாத்திர சோப்பு இரண்டும் வண்டியில் பூசியிருக்கும் வேக்ஸையும் (பாதுகாப்பு மெழுகு) சேர்த்து எடுத்துவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள். காய்ந்த எச்சம் தூளாகப் பறந்தால் மூச்சில் போய் நோய் வரக்கூடும். நனைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், நிறைய இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இந்தக் கட்டம் வரை யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

## கழுவிவிட்டேன், ஆனால் மங்கலான வட்டம் தெரிகிறது. தடவினால் வழவழப்பாக இருக்கிறது

என்னிடம் அதிகம் வருவது இதுதான், அதிகம் தப்பாகக் கையாளப்படுவதும் இதுதான். ஒரே மாதிரி தெரிகிற வட்டத்துக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். செலவில்லாத காரணத்திலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.

அது எச்சத் தடமா, தண்ணீர்த் தடமா? நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் போர் தண்ணீர் கடினமானது. கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டால் காய்ந்து வெள்ளை வளையமாக நிற்கும். இன்னொரு பழக்கமும் பரவியிருக்கிறது: ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பிடித்துவைத்து அதில் வண்டி கழுவுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் மெஷின் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு வேண்டாம். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீடானால் கடைசி அலசலுக்கு ஒரு வாளி அதை எடுத்தால் போதும்.

சோதித்துப் பார்க்க, வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, நிழலில், ஆறிய தகட்டில் ஒரு துணியால் ஒற்றி அரை நிமிடம் வையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். வளையம் மறைந்தால் அது உப்பு. வேலை முடிந்தது.

வேக்ஸ் மட்டும் போயிருக்கிறதா? வினிகருக்குப் போகவில்லை, ஆனால் தண்ணீர் தெளித்தால் சுற்றிலும் முத்து முத்தாக நிற்கிறது, அந்த இடத்தில் மட்டும் பரவிப் படிகிறது என்றால் எச்சம் வேக்ஸை மட்டும் தின்றிருக்க வாய்ப்பு அதிகம். மேலே மெல்லிதாக வேக்ஸ் போட்டுத் துடைத்துப் பாருங்கள். பல வட்டங்கள் இதிலேயே மறைந்துவிடும். வேக்ஸ் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கிளியர் கோட்டிலேயே தடம் விழுந்திருக்கிறதா? வேக்ஸுக்கும் மறையாமல், போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஓரம் தெரிகிறது என்றால் இதுதான். வெயிலில் பூச்சு இளகும்போது மேலே காயும் எச்சம் அதைப் பிடித்து இழுக்கிறது, இரவில் ஆறும்போது அந்த உருவத்திலேயே இறுகிவிடுகிறது. அதனால் முதலில் கொஞ்சம் சூடு கொடுத்துப் பாருங்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். தகடு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நிறுத்தி ஆறவிடுங்கள். புதிய தடமாக இருந்தால் ஓரளவு இதிலேயே சமமாகக்கூடும். ஷெட்டில் பெயிண்ட் உரிக்க வைத்திருக்கும் ஹீட் கன்னை இதற்கு எடுக்கவே கூடாது.

மிச்சம் இருந்தால் கையால் பாலிஷ். கடையில் கேட்கும்போது 'ரப்பிங்' என்று கேட்காதீர்கள். சொரசொரப்பான காம்பவுண்டைக் கொடுத்துவிடுவார்கள். 'ஃபினிஷிங் பாலிஷ்' என்று கேளுங்கள். அந்த இடத்தைக் கழுவித் துடைத்து, பட்டாணி அளவு பாலிஷை ஃபோம் பேடில் எடுத்து, தடத்தைத் தாண்டி உள்ளங்கை அளவுக்கு மட்டும் தேயுங்கள். ஒரு நிமிடம் தேய்த்ததும் துடைத்துப் பாருங்கள். முன்னேற்றம் தெரிந்தால் இன்னொரு முறை. இரண்டாவது முறையிலும் மாற்றம் இல்லாவிட்டால் நிறுத்திவிடுங்கள், அது கையில் போகிற தடம் இல்லை. முடித்ததும் வேக்ஸ் போட மறக்க வேண்டாம், பாலிஷ் போட்ட இடம் வெறுமையாக நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளைத் துணியில் வண்டியின் நிறம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே தேயுங்கள். பழைய வண்டிகள் சிலவற்றிலும், மலிவாக மறு பெயிண்ட் அடித்தவற்றிலும் கிளியர் கோட்டே இருக்காது. நிறம் ஏறினால் நீங்கள் தேய்ப்பது நேராக நிறத்தை. அந்த வண்டிகளில் மென்மையான பாலிஷ் ஒரே ஒரு முறை, அதற்கு மேல் வேண்டாம்.

பற்பசை, தேங்காய் எண்ணெய் வைத்தியங்கள் பற்றியும் கேட்கிறார்கள். பற்பசையில் இருக்கும் தேய்ப்புத் துகள் எவ்வளவு சொரசொரப்பு என்பது ஒவ்வொரு பற்பசைக்கும் மாறும். எண்ணெய் தடத்தை ஒரு நாள் மறைத்துக் காட்டும், பிறகு தூசியைச் சேர்த்துக்கொள்ளும். இரண்டுமே எனக்கு உடன்பாடு இல்லை.

## நகத்துக்குத் தட்டுப்படுகிறது, பள்ளமாகவோ சுருக்கமாகவோ இருக்கிறது

டிரையர் சூட்டை ஒரு முறை முயன்று பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் மெஷின் பாலிஷ் போடத் தெரிந்த ஆளிடம் போக வேண்டிய நேரம் இது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் இப்போது டீட்டெய்லிங் கடைகள் (வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் கடைகள்) இருக்கின்றன. கடையின் பெயரைவிட, போனதும் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

பெயிண்டின் கனம் அளக்கும் கருவி வைத்திருக்கிறாரா? நல்ல கடையாக இருந்தால் தடத்தைச் சுற்றியும் பக்கத்து பேனலிலும் அளந்து காட்டுவார். கம்பெனியில் அடித்த பெயிண்ட் எல்லாப் பூச்சும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். பக்கத்து பேனலைவிட இங்கே கணிசமாகக் குறைவாகக் காட்டினால், முன்பே யாரோ நிறைய ரப்பிங் போட்டிருக்கிறார்கள். இனித் தேய்க்க இடமில்லை. 200-ஐத் தாண்டிப் போனால் அந்த பேனல் ஏற்கெனவே மறு பெயிண்ட் கண்டது. பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இதிலேயே ஒரு செய்தி கிடைக்கும்.

அளக்காமல், 'வாட்டர் பேப்பர் போட்டு முழு பானட்டையும் பஃப் பண்ணிடலாம்' என்று சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு தடத்துக்கு பானட் முழுவதும் பூச்சைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், போட்டே ஆக வேண்டும் என்றால் 3000 நம்பர் (மிக நைசானது), தண்ணீரோடு, தடத்தில் மட்டும், பிறகு அந்த இடத்தில் மட்டும் மெஷின் பாலிஷ். பானட்டின் விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பூச்சு சீக்கிரம் தேய்ந்து நிறம் தெரிந்துவிடும். அங்கே இருக்கும் தடத்துக்குத் தாளே வேண்டாம்.

சில பள்ளங்கள் முழுதாகப் போகாது. முக்கால்வாசி மறைந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். ஏழெட்டு வருட வண்டியில், இரண்டு அடி தள்ளி நின்றால் தெரியாத தடத்துக்காக இருக்கிற பூச்சையெல்லாம் கரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேக்ஸ் போட்டு அப்படியே ஓட்டலாம்.

## வெடித்திருக்கிறது, உரிகிறது, அல்லது அடியில் வேறு நிறம் தெரிகிறது

இங்கே எந்த பாலிஷும் பலிக்காது. உரியும் ஓரத்தைத் தேய்த்தால் இன்னும் உரியும். அழுத்தத் தண்ணீர் போடும் வாட்டர் சர்வீஸிலும் சொல்லிவைத்துவிடுங்கள், அந்த இடத்தில் பைப்பைக் காட்ட வேண்டாம் என்று.

தெரிவது நிறம் மட்டும்தானா, சாம்பல் நிற பிரைமரா, தகடா என்று பாருங்கள். நிறத்தோடு நின்றிருந்து, உளுந்தளவு இடம்தான் என்றால் டச்சப் பெயிண்ட் வாங்கி நீங்களே அடைக்கலாம். வண்டியில் ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டு எண்ணைப் பார்த்து அந்த எண்ணுக்கே வாங்குங்கள். 'வெள்ளை' என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஒட்டுப் போட்டது தெரியும். தகடு தெரிந்தால் மழைக்கு முன் அடைத்துவிட வேண்டும், துருப்பிடித்த பிறகு வேலை இரட்டிப்பாகும்.

உள்ளங்கை அளவுக்கு உரிந்திருந்தால் டிங்கரிங் பெயிண்டிங் ஷெட்தான். அந்த பேனல் முழுவதற்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டியிருக்கும். நடுவில் மட்டும் அடித்தால் சேரும் இடம் பிறகு வெளுத்துக் காட்டும். மெட்டாலிக் நிறமானால் ஷேடு சேர்த்துப் பார்த்து, வெயிலில் காட்டச் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். ட்யூப்லைட்டில் எல்லா வெள்ளியும் ஒன்றுபோல்தான் தெரியும்.

கம்பெனி வாரண்டியில் செய்துதருவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. பறவை எச்சம், மரப்பிசின் போன்ற வெளிக் காரணங்களால் வரும் பெயிண்ட் சேதத்தை வாரண்டி பொதுவாக ஏற்பதில்லை, கையேட்டைப் புரட்டினால் எழுதியிருக்கும். இன்சூரன்ஸும் நாளடைவில் வரும் அரிப்பை விபத்தாக எடுத்துக்கொள்ளாது. ஒருவேளை வேறு சேதத்தோடு சேர்த்து கிளெய்ம் போட நினைத்தால் நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் போடாத வருடங்களுக்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) கணக்குப் போடுங்கள். முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை சேர்வது ஒரே கிளெய்மில் போய்விடும். ஒரு பேனல் பெயிண்டுக்கு அது கட்டுப்படியாகாது.

## ஊதா அல்லது பழுப்புக் கறை, மங்கல் இல்லை

நாவல் பழக் காலத்தில் வருவது. பகலில் பறவை, இரவில் பழந்தின்னி வௌவால். வௌவால் பறந்துகொண்டே போடுவதால் கறை கதவுப் பக்கங்களில் நீளமாக ஒழுகியிருக்கும். வெள்ளை வண்டிக்காரர்கள் பெயிண்டே போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது பழச்சாயம் மட்டும்தான்.

ஷாம்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். சாயம் மிஞ்சினால் மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் அதே அளவு தண்ணீர் கலந்து மைக்ரோஃபைபர் துணியில் ஒற்றி எடுங்கள். அதற்கும் போகாத கொஞ்சத்துக்கு கிளே பார் (பூச்சில் ஒட்டிய அழுக்கைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி), ஷாம்புத் தண்ணீர் நிறையத் தெளித்து வழுக்கிக்கொண்டே ஓட்ட வேண்டும். அதன் பிறகும் நின்றால்தான் பாலிஷ்.

## எச்சமே தெரியவில்லை, வண்டி முழுக்கப் பிசுபிசுப்பு

மாந்தோப்பில் நிறுத்தினீர்களா? காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் மா பூக்கும் காலத்தில் இது சகஜம். பூங்கொத்தில் இருக்கும் தத்துப்பூச்சிகள் தேன் போன்ற கழிவை விடும். விட்டுவைத்தால் அதன் மேல் கரும்பூஞ்சை படியும். பறவைமேல் பழி போட்டுவிட்டு எச்ச வைத்தியம் செய்ய வேண்டாம். வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீரில் வண்டியைக் கழுவினாலே போய்விடும். ஒரு வாரத்துக்குள் கழுவிவிடுங்கள்.

கெட்டியான சொட்டாக ஒட்டியிருந்தால் அது மரப்பிசின். அதற்கு மேலே சொன்ன ஆல்கஹால் கலவை.

## ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது

நிறுத்தும் இடத்தில் நின்று மேலே பாருங்கள். கரண்ட் கம்பியா, நீண்டிருக்கும் ஒரே ஒரு கிளையா? வண்டியை ஒரு அடி முன்னாலோ பின்னாலோ தள்ளி நிறுத்தினாலே பல இடங்களில் தீர்ந்துவிடும்.

சைடு மிரருக்குக் கீழே கதவில் மட்டும் விழுகிறது என்றால், ஏதோ ஒரு குருவி கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரியாக நினைத்துக் கொத்திக்கொண்டிருக்கிறது. மிரரை மடித்துவையுங்கள், அல்லது பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிவிடுங்கள். பாவம், அதற்கும் ஓய்வு கிடைக்கும்.

கவர் போடலாம், ஆனால் தூசி படிந்த வண்டிமேல் போட்டால் காற்றில் ஆடும் கவரே கீறும். கழுவிய பிறகு போடுவதாக இருந்தால் மட்டும் போடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேக்ஸ் போட்டால் எச்சத்துக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். செராமிக் கோட்டிங் போட்டவர்கள் எச்சத்தைக் கழுவவே வேண்டாம் என்று நினைக்கிறார்கள். அது கழுவுவதைச் சுலபமாக்கும், அவ்வளவுதான். வெயிலில் விட்டால் அதிலும் தடம் விழும். பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிய வண்டியில் தடம் ஃபிலிமோடு நிற்கும், ஆனால் ஃபிலிமுக்குக் காம்பவுண்ட் போடக் கூடாது. மேட் ஃபினிஷ் வண்டியானால் எந்த பாலிஷும் கிடையாது. தேய்த்த இடம் பளபளப்பாகி நிரந்தரமாகத் தெரியும். அதற்குத் தண்ணீரும் ஷாம்பும்தான், போகாவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டர்.

## மறு பெயிண்ட் அடித்து வாங்கிய வண்டி

ஷெட்டிலிருந்து வந்த பேனல் கைக்குக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே இறுகச் சில வாரங்கள் ஆகும். முதல் ஒரு மாதம் வேக்ஸ் வேண்டாம், மெஷின் வாஷ் வேண்டாம், கவரும் வேண்டாம். அந்த மாதத்தில் விழும் எச்சம் பழைய பெயிண்டில் விழுவதைவிடச் சீக்கிரம் இறங்கும். ஆகவே அதுவரை வண்டியை மரத்தடியில் நிறுத்தாமல் ஷெட்டிலோ போர்ட்டிகோவிலோ விடுங்கள். வெளியே போன இடத்தில் விழுந்துவிட்டால் அங்கேயே, அந்த நிமிடமே, தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.